மாத்தளையில் ஊன்றிய முந்திரி

எனக்கு முந்திரிக் காடு உடையார்பாளையத்தில். என் மனைவிக்கு உத்தியோகம் இலங்கையில். அவள் அப்பா அரியலூர்ப் பக்கத்திலிருந்து போய் மாத்தளையில் தங்கிவிட்டவர். அவள் பிறந்து வளர்ந்து, மருத்துவச்சி வேலைக்குப் படித்துத் தேறியதெல்லாம் அங்கேதான். காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் அங்கே போய்விடுவதென்று பேசி முடித்துத்தான் தாலி கட்டினேன். முன்பெல்லாம் டிக்கெட் எடுத்தால் போதும், கப்பல் ஏறிவிடலாம். எங்கள் கல்யாணம் முடிந்த கையோடு சட்டம் மாறியது. அங்கே குடியிருக்க வேண்டுமானால் அனுமதி வேண்டும் என்றார்கள். அவள் எனக்காக மனுப் போட்டாள். பதில் வருகிறவரை, போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு மாதத்துக்குத்தான் பர்மிட் கிடைத்தது.

கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் பெட்டியைச் சோதித்தவர், "எதுக்குப் போறே?" என்று கேட்டார்.

"சும்மாதாங்க" என்றேன்.

கட்டிய மனைவியைப் பார்க்கப் போகிறவன் சொல்கிற பதிலா அது? அவரே சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

பெட்டியில் ஐயனார் கோயில் விபூதியும், விதைக்கென்று எடுத்த முந்திரிக் கொட்டை இரண்டு கையளவும் இருந்தன. காட்டுக்காரன் வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது எப்படி?

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மழையானாலும் ஆள் வந்து கூப்பிட்டால் குடையும் பையுமாகத் தேயிலை மலை ஏறிவிடுவாள். பிரசவம் பார்த்துத் திரும்பி, குளித்து, முருகன் படத்துக்கு விளக்கேற்றிய பிறகுதான் காப்பி. எவ்வளவு களைத்து வந்தாலும் இந்த வரிசை மாறாது. எங்கள் ஊர்ப் பூசாரியிடம்கூட அவ்வளவு ஒழுங்கை நான் கண்டதில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்கள் அவளைக் கண்டால் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவார்கள். பக்கத்தில் நிற்கிற எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

பர்மிட்டில் வந்தவன் கூலி வேலை செய்யக் கூடாது. சும்மா உட்கார்ந்தும் எனக்குப் பழக்கமில்லை. அறைக்குப் பின்னால் களை மண்டிக் கிடந்த இடத்தைக் கொத்தி, கொட்டைகளை வரிசையாக ஊன்றினேன்.

"இந்த மழைக்கு உங்க முந்திரி அழுவிப்போவுங்க" என்று சிரித்தாள்.

"அழுவுனா அழுவட்டும் புள்ள. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அவை முளைத்து இலை விட்டிருந்த சமயத்தில், மனு விஷயமாக விசாரிக்க அதிகாரி வந்துவிட்டார், யாழ்ப்பாணத்துக்காரர். பார்க்க வந்தவன் உத்தரவுக்கு முன்பே தங்கிவிடப் பார்க்கிறான் என்று அவர் ஒரு வரி எழுதினால் மனு அத்தோடு தீர்ந்தது. வழி காட்டிக்கொண்டு கூட வந்தவர் எதிர்க்கடைக்காரர். பூலாம்பாடியிலிருந்து வந்து கடை போட்டவர். என் மனைவிக்குச் சித்தப்பா முறை. என்னை முந்திக்கொண்டு பேசினார்.

"நம்ம மாப்ள கதிர்காமத்து முருகனுக்கு நேர்த்திக்கடன்னு வந்தவருங்க. இங்க தங்குற நெனப்பே கெடையாது."

அதிகாரி என் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார், பிறகு வரிசையைப் பார்த்தார்.

"இது என்ன கண்டு?"

"முந்திரிங்க."

"எப்ப காய்க்கும்?"

"மூணு வருஷம் ஆவுங்க."

"கதிர்காமம் வந்தவர் மூண்டு வருசப் பயிர் வைக்கிறாரோ?"

மண்வெட்டியைக் கீழே வைத்தேன். ஆமென்றால் சாமி பெயரால் பொய். இல்லையென்றால் மனு போச்சு. அதற்குள் என் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சார், சித்தப்பா எங்க மேல உள்ள பிரியத்துல சொல்லிட்டாரு. இவங்க கதிர்காமத்துக்கு வரல, என்னப் பாக்க வந்தாங்க. இங்கயே இருக்கணும்னுதான் மனு போட்டிருக்கோம், அதான் உங்க கையில இருக்கே. ஆனா பர்மிட் நாள் முடியுறதுக்குள்ள போயிடுவாங்க. உத்தரவு வந்தா இவங்களே வந்து பறிப்பாங்க. வரலேன்னா நான் பறிச்சு ஊருக்கு அனுப்புவேன்."

அதிகாரி சிரிக்கவில்லை. "போறாரோ எண்டு நான் பார்ப்பன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இருந்த உண்மைய எல்லாம் பொட்டலம் கட்டிக் குடுத்துட்டியே, ஆத்தா!"

"முருகன் பேரச் சொல்லிட்டா அப்புறம் நெசமாவே நடந்து போயி மொட்டை போடணும் சித்தப்பா. நீங்க போறீங்களா?"

அவருக்கு வழுக்கைத் தலை. மூவருமே சிரித்துவிட்டோம்.

காய்ச்சல் என்று டாக்டரிடம் எழுதி வாங்கினால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று அவரே மறுபடி யோசனை சொன்னார். உள்ளுக்குள் எனக்கும் அது இனித்தது. அவள் சம்மதிக்கவில்லை. கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுவிட்டால் சொன்ன சொல் தவறிவிடுமே என்று, நாள் மிச்சம் இருக்கும்போதே ரயில் ஏற்றிவிட்டாள். ஸ்டேஷனில் என் விபூதிப் பையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்த பிறகுதான் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

ஊரில் முந்திரி பூத்துக் காய்த்து ஓய்ந்தது. "என்னப்பா, மாமியா வூட்டு விருந்து அதுக்குள்ள முடிஞ்சிட்டா?" என்று ஊரில் கேலி பேசினார்கள். ஐயனாரிடம்கூட உத்தரவு வேண்டுமென்று கேட்கவில்லை. அந்த மலை வழியில் அவள் கால் வழுக்காமல் பார்த்துக்கொள்ளப்பா என்றுதான் கேட்டேன். கேட்காததையும் அவர் கொடுத்தார். ஆடி முடிவதற்குள் உத்தரவு வந்தது.

மண்டபத்தில் மறுபடியும் அதே கேள்வி: "எதுக்குப் போறே?"

"எங்க வூட்டுக்காரவுங்க அங்க இருக்காங்க. அவங்களோட குடியிருக்கப் போறேனுங்க" என்றேன். குரல் என்னுடையது, அப்படிச் சொல்ல வைத்த தைரியம் அவளுடையது.

மாத்தளையில் அவள் சொன்னபடியே பாதிக்கு மேல் அழுகிப்போயிருந்தன. பிழைத்தவை முழங்கால் உயரம் நின்றன. பெட்டியை இறக்கி வைத்ததும் தண்ணீர்ச் செம்பை ஒரு கையிலும் மண்வெட்டியை ஒரு கையிலுமாக நீட்டினாள்.

"மொதல்ல தண்ணி குடிங்க. கள நெறைய கெடக்கு."