சிவப்புக் கோழிகளின் பதினோராவது மாதம்

பண்ணையில் அவளைப் பதிவேட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கோழி எந்த நாளில் முட்டையிட்டது, எது அடைக்கு உட்கார்ந்தது என்று பத்தொன்பது வருஷம் ஒரு நாள் விடாமல் எழுதியவள்.

வெள்ளைக் கோழி அடை உட்காராது. வருஷத்துக்கு முந்நூறு முட்டை தரும். சிவப்பு நாட்டுக்கோழி அப்படியில்லை. கூடையில் பதினைந்து முட்டை சேர்ந்து வயிற்றில் பட்டதும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறும், சினைப்பை சுருங்கும், அப்புறம் குஞ்சு நினைப்புதான். முதலாளி அவற்றைக் கறிக்கு அனுப்பப் பார்த்தார்.

"ஒரு வருஷம் குடுங்க. கோழிக்கு நூத்திருபது முட்டை வரலேன்னா அனுப்பிடுங்க" என்று சண்டை போட்டு வாங்கினாள். முட்டையை உடனுக்குடன் எடுத்தாள். அடை உட்கார்ந்ததை நாலு நாள் கம்பித்தரைக் கூண்டில் விட்டாள். வயிறு குளிர்ந்து ஹார்மோன் இறங்க, சில வாரத்தில் மறுபடி முட்டை வந்தது. பத்து மாதத்தில் கோழிக்குச் சராசரி நூற்றியெட்டு.

பதினோராவது மாதம் முட்டை அடியோடு நின்றது.

"பாத்தீங்களா, அடை புத்தி போகுமா?" என்றார் முதலாளி.

அவளுக்குப் பொறுக்கவில்லை. பதிவேட்டைப் புரட்டினாள். அடை ஒவ்வொன்றாகத்தான் வரும். இங்கே இருநூறு கோழியும் பத்தே நாளில் முட்டையை நிறுத்தியிருந்தன. ஒன்றுகூடக் கூடையில் உட்காரவில்லை. கழுத்து இறகு வேறு கொட்டியிருந்தது. வெளிச்சம் குறைந்தால்தான் இப்படி. மூளைக்கு வெளிச்சம் எட்டாவிட்டால் கருவை முதிர வைக்கும் ஹார்மோன் சுரக்காது.

வெளி வெளிச்சம் புகாமல் திரை போட்ட கொட்டகை. காலை நாலு முதல் இரவு எட்டு வரை விளக்கு எரிய வேண்டும். அவள் வேலை நேரமோ எட்டிலிருந்து ஐந்து. விளக்கைப் பார்த்துக்கொள்வது டைமர். டைமரைப் பார்த்துக்கொள்வது அவள் தம்பி. அதனால் அவள் அதைத் தொட்டதேயில்லை. இன்று டைமர் பெட்டியைத் திறந்தாள். எட்டு முதல் ஐந்து என்று வைத்திருந்தது.

"டேய், யாரு வேலை இது?"

"கத்தாதக்கா. புதுக் கொட்டகைக்கு என்னை மேற்பார்வைக்குப் போடறேன்னாரு."

"யாரு?"

தம்பி முதலாளி அறைப்பக்கம் பார்த்தான்.

முதலாளி மறுக்கவில்லை. "இதுங்களுக்குப் பதிலா வெள்ளைக் கோழிக்கு அப்பவே ஆர்டர் குடுத்தாச்சும்மா. நீங்க ஒத்துக்க மாட்டீங்களேன்னுதான். காரணம் அடைன்னு எழுதிடுங்க."

"நேரா சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன்" என்றாள். காரணம் என்ற கட்டத்தில், 'விளக்கு நேரம் குறைக்கப்பட்டது. சொன்னவர் முதலாளி, செய்தவன் என் தம்பி' என்று எழுதி, சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள்.

தம்பி வாசல்வரை பின்னால் ஓடிவந்தான். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்க்கா."

"வேற யாராவதா இருந்தா தினமும் திறந்து பாத்திருப்பேன்டா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.