கடைசிப் பக்கம் வரை

வீட்டில் அவளை உடும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது அக்காவின் தலைமுடியை ஒரு முறை பிடித்துக்கொண்டு விடாமல் ஊரைக் கூட்டியதில் வந்த பெயர். வளர்ந்து, கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தக் குணமே அவளுக்குச் சோறு போட்டது. மற்ற கடைகளில் கைவிரித்த கைப்பேசியைக்கூட பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் குடைந்து குடைந்து உயிர்ப்பித்துவிடுவாள்.

ஆனால் அவள் ஆசை கடையோடு நிற்கவில்லை. மின்னணுப் பொறியியல் படிக்க வேண்டும். அதற்கு நுழைவுத் தேர்வு. மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. முதல் முறை மண்ணைக் கவ்வியதும், படித்தது போதவில்லை என்று நினைத்தாள். பேருந்தில் தொங்கிக்கொண்டு படித்தாள், அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் படித்தாள். இரண்டாம் முறை மதிப்பெண் ஏறுவதற்குப் பதில் இறங்கியது.

அன்று தட்டில் போட்டது ஆறிப்போகும்வரை கல்லாய் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலேயே தையல் வேலை செய்யும் அக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எவ்வளவு கேள்விக்குப் பதில் தெரியல?"

"தெரியலன்னு இல்லக்கா. கடைசிப் பக்கமெல்லாம் நான் பார்க்கவே இல்ல."

அக்காவின் தையல் நின்றது. "பார்க்கவே இல்லையா? அவ்வளவு நேரம் அங்க என்னடி பண்ணிட்டிருந்த?"

"ஒரு கப்பிக் கணக்கு. இதோ வந்துடும், இதோ வந்துடும்னு..."

"போன தடவை?"

"அது லென்ஸ் கணக்கு."

"அடிப்பாவி! தெரியாத ஒண்ணக் கட்டிக்கிட்டு, தெரிஞ்சதையெல்லாம் தெருவுல விட்டுட்டு வந்திருக்க!"

பாடத்தில் குறை இல்லை, பிடியில்தான் குறை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அடுத்த நாளிலிருந்து அக்கா தையல் இயந்திரத்தின் மேல் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டாள். இவள் பழைய வினாத்தாளோடு உட்காருவாள். ஒரு கேள்வியில் கொஞ்சம் நின்றால் போதும், "விடு!" என்று அதட்டல் வரும். "இன்னும் ஒரே வரிக்கா" என்று கெஞ்சுவாள். "விடுன்னா விடு!" வினாத்தாளையே உருவிக்கொள்வாள் அக்கா. இருவரும் பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. விட்டுவந்த கேள்வி பல் இடுக்கில் சிக்கியது போல உறுத்தும். அடுத்ததைப் படிக்கும்போது எழுத்துகள் கண்ணில் பட்டு மனதில் ஒட்டாது. ஆனாலும் வாரங்கள் போகப் போகக் கடைசிப் பக்கத்தைத் தொட ஆரம்பித்தாள். மதிப்பெண் மெல்ல ஏறியது.

அந்த நேரத்தில்தான் கடைக்கு ஒரு பெண்மணி தண்ணீரில் விழுந்த கைப்பேசியோடு வந்தார். இறந்துபோன தன் தங்கையின் குரல் பதிவுகள் அதில் இருப்பதாகச் சொன்னார். இவள் திறந்து பார்த்தாள், இரண்டு இடத்தில் தொட்டுப் பார்த்தாள், "இது வராதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் நெஞ்சு திக்கென்றது. எழுந்து ஓடினாள். அவரைப் பிடித்து, கைப்பேசியை வாங்கி வந்து, அந்த வாரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டிப் பதிவுகளை மீட்டுக் கொடுத்தாள்.

"பயமா இருக்குக்கா. பரீட்சைக்காக விட்டு விட்டுப் பழகி என் கையே கெட்டுப்போகுது."

"அதான் ஓடிப்போய் வாங்கிட்ட இல்ல?" என்றாள் அக்கா.

மூன்றாவது தேர்வு நாளன்று, மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு தேர்வுக்கூட வாசல்வரை வந்தாள். மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

உள்ளே இரண்டாம் பக்கத்திலேயே வந்தது வினை. மின்சுற்றுக் கேள்வி. தினமும் கையால் தொட்டு வேலை செய்கிற சங்கதி. போட்டாள், வந்த விடை கொடுத்திருந்த நான்கில் எதிலும் இல்லை. மறுபடி போட்டாள். இல்லை. இதைக்கூடப் போடத் தெரியாதா என்று காது சூடேறியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தக் கேள்வியின் மேல் இடது கையை வைத்து மறைத்துக்கொண்டு அடுத்ததைப் படித்தாள். பிறகு அதற்கடுத்தது. விட்டவை கூடக் கூடப் பக்கங்களும் புரண்டன. கடைசிக் கேள்வியை முடித்துவிட்டு மின்சுற்றுக்குத் திரும்பிய நேரத்தில் மணி அடித்துவிட்டது.

படியிறங்கும்போது விடை வந்தது. கேள்வியில் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்திருக்கிறாள்! அங்கேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

முடிவு வருவதற்குள் அவள் பாதியாகிவிட்டாள். கடையில் திருகாணிகளைக் கீழே சிந்தினாள். முடிவு வந்த அன்று திரையைத் திறக்கத் துணிச்சல் இல்லாமல் கைப்பேசியைக் கடை முதலாளியிடமே நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இது நல்ல மார்க்கா, கெட்ட மார்க்கா? எனக்கு ஒண்ணும் புரியல."

எட்டிப் பார்த்தாள். முந்தைய இரண்டையும் விட வெகுவாக மேலே இருந்தது. ஆனாலும் ஆசைப்பட்ட கல்லூரிக்கு ஒரு நூலிழை குறைவு. வேறு ஊர்க் கல்லூரியின் இரண்டாம் சுற்றில்தான் இடம் கிடைத்தது, கேட்ட அதே படிப்பில்.

கிளம்புகிற அன்று அம்மா பெட்டியை மூடிவிட்டு, "அங்க யாருடி உனக்குக் கடிகாரம் வைப்பா?" என்றாள். மகளுக்கும் அதே கவலைதான், சொல்லிக்கொள்ளவில்லை. அக்காவோ பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, பூட்டு விழவில்லை என்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாள்.