கண் மாறிய கல்யாணப் படங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு சந்தில் கல்யாண ஆல்பம் அச்சிடும் கூடம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை, திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தபோது முதலாளி போன் செய்தார்.

"மேடம், சீக்கிரம் வாங்க. பொண்ணு மூஞ்சில வேற யாரோ கண்ணு கீது."

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் உண்மை. முகூர்த்தப் புடவையில் சிரிக்கும் மணப்பெண்ணின் முகத்தில், புருவத்திலிருந்து பாதி மூக்கு வரை குறுக்கே ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் வேறொருத்தியின் கண்கள். கொஞ்சம் பெரிய கண்கள், மையும் அதிகம்.

ஆல்பம் வடிவமைக்கும் பெண்ணை முதலாளி பிடித்துக்கொண்டார். "தூங்கிக்கினே வேலை செஞ்சியா?"

"இல்லண்ணா, நான் அனுப்புறப்ப நல்லாதான் இருந்துச்சு." மேனாம்பேட்டிலிருந்து வரும் அவர் அழுதேவிட்டார்.

அவர் செய்த மூலப் படத்தைத் திறந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. அதை அச்சுக்கேற்ற கோப்பாக மாற்றிச் சேமிப்பது மூலையில் இருக்கும் பெரிய கணினி. அது எழுதிய கோப்புதான் கெட்டிருந்தது. படங்களைச் சேமிக்கும் வட்டு பழுதாகியிருக்கும் என்று சோதித்தேன். வட்டு நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இயங்குதளத்துக்கு அப்டேட் என்று ஒரு திருத்தம் வந்து தானாகவே ஏறியிருந்தது. ஆனால் அதே திருத்தம் ஏறி, அதே வேலையைச் செய்யும் மற்ற சின்னக் கணினிகளில் ஒரு படமும் கெடவில்லை.

அந்த ஆல்பத்தில் கெட்டிருந்த படங்களை எல்லாம் திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பட்டையின் உயரம் ஒன்றுபோல் இருந்தது. மனிதர் கை தவறினால் இப்படி அளந்து தவறாது.

பக்கத்தில் வந்து நின்ற வடிவமைப்பாளர் திடீரென்று, "அக்கா, இந்தக் கண்ண எனக்குத் தெரியும். பருத்திப்பட்டுக் கல்யாணம்" என்றார்.

அந்த ஆல்பத்தைத் திறந்தோம். பருத்திப்பட்டு மணப்பெண்ணின் முகத்தில், அதே உயரத்தில், அதே அகலத்தில், முதல் பெண்ணின் கண்கள் இருந்தன. ஒன்றும் தொலையவில்லை. இரண்டு பேரும் கண்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கோப்புகளின் நேரத்தைப் பார்த்தேன். ஒரே நொடியில் சேமிக்கப்பட்டவை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சின்னக் கணினிகளில் பிராசஸர் ஒன்று. பெரிய கணினியில் இரண்டு. இரண்டும் ஆளுக்கொரு படத்தை எடுத்து ஒரே சமயத்தில் எழுதுகின்றன. ஒன்று நினைவகத்தில் தன் துண்டை வைக்கும்போது மற்றது ஒதுங்கி நிற்க வேண்டும். புதிய திருத்தத்தில் அந்த முறை எங்கோ தவறியிருக்க வேண்டும். இமைக்கிற நேரத்தில் பொடியிலும் பொடியான ஒரு இடுக்கு. அதற்குள் இரண்டு முகங்கள் கலந்துவிட்டன.

உறுதி செய்ய ஒரு பிராசஸரை நிறுத்திவிட்டு எல்லாப் படங்களையும் மறுபடி ஓட்டினேன். மெதுவாக ஓடியது, ஒன்றும் கெடவில்லை. இரண்டையும் இயக்கியதும் ஐயர் முகத்தில் மாப்பிள்ளையின் மீசை வந்து உட்கார்ந்தது. அழுத பெண்ணே வாய்விட்டுச் சிரித்தார். கடைசியாகத் திருத்தத்தை நீக்கிவிட்டு, இரண்டு பிராசஸர்களோடும் ஓட்டினோம். அத்தனை முகங்களும் அவரவர் கண்களோடு வந்தன.

ஒன்றுக்கொன்று வழி விடாமல் போனதுதான் காரணம் என்று முதலாளிக்கு விளக்கினேன். அவர் வடிவமைப்பாளரிடம், "மனசுல வச்சிக்காதம்மா" என்றார். பிறகு அந்தப் பெரிய கணினியின் பக்கத்தில் போய் நின்றார்.

"ஒரு தபா வழி உடாததுக்கே இந்தக் கூத்துன்னா, இத்தினி வருசமா ஒவ்வொரு தபாவும் கரீட்டா வழி உட்டுக்கினு இருந்துச்சா மேடம்?"

"ஆமா சார். நொடிக்கு நொடி."

அவர் மெல்ல அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். நானும் வைத்துப் பார்த்தேன். லேசாகச் சுட்டது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும், உள்ளே நடப்பதை எண்ணி ஒரு நாளும் நான் இப்படி மலைத்து நின்றதில்லை.

தவறை இயங்குதளக்காரர்களுக்கு எழுதி அனுப்பினேன். சரிசெய்த திருத்தம் பின்னால் வந்தது. அதை ஏற்றிய அன்று வடிவமைப்பாளர் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் கண்களைச் சரிபார்த்தார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசிப் படம் வரை பார்த்தேன்.