வேர்வையில் நனைந்த ஸ்வெட்டர்

செம்பூரில் நான் டீ போட்டுக் கொடுத்த ஆபீசில் ஒரு குமாஸ்தா இருந்தார். ஏசிக்கு நேர் கீழே அவர் மேசை. வெளியே வெயில் கொளுத்தினாலும் நீல ஸ்வெட்டரைக் கழுத்துவரை பட்டன் மாட்டி உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் குளிரைக் கூட்டுவார்கள், அவர் எழுந்து போய்க் குறைப்பார். தினமும் இதே சண்டை.

ஒருநாள் ஏசி ரிமோட் காணாமல் போனது. காலையில் முதலில் வருகிறவள் நான்தான் என்று, எல்லார் முன்னாலும் என் பையைக் கிளறினார்கள். எனக்குப் படிப்பில்லை, ஆனால் அடுத்தவர் பொருளை இந்தக் கை தொட்டதில்லை. குளிர் ஆகாதவர் அவர்தானே, அவர் பையை ஏன் யாரும் கேட்கவில்லை?

டீ கொண்டுபோனேன். புழுக்கத்தில், ஸ்வெட்டருக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார்.

"ஏசிதான் ஓடலயே சார், அதைக் கழத்துனா என்ன?"

"கழட்டினா, இவன்தான் ஒளிச்சு வச்சுட்டு சுகமா இருக்கான்னு எல்லாரும் சொல்லுவா, பாட்டி."

"ஒளிக்காதவருக்கு என்ன பயம்?"

அவர் ஸ்வெட்டர் பையை என் பக்கம் விரித்தார். காலையில் என் பைக்குள் நுழைந்த கைகள் நினைவுக்கு வந்தன. நான் குனிந்து பார்க்கவில்லை. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ரிமோட் பழைய இடத்திலேயே கிடந்தது. யார் வைத்தாரோ.

மறுநாள் ஏசி ஓடியது. அவர் ஸ்வெட்டர் இல்லாமல் வந்து நடுங்கிக்கொண்டிருந்தார். துவைக்கப் போட்டாரோ, என் கேள்வி உறுத்தியதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அவருக்கு மட்டும் டீயைக் கொஞ்சம் கூடுதல் சூடாகக் கொடுத்தேன்.