சேமிப்பிலிருந்து கட்டியதாகச் சொன்ன தவணைகள்

அன்று வங்கிக்குப் போனது மூன்று பேர்: நான், அம்மா, அக்காவின் புருஷன். மச்சானுடைய ஆட்டோவில்தான் போனோம். அக்கா வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். அப்பா எல்கடுவையில் தோட்டத்து வேலையை விட்டு வரவில்லை. "தம்பி படிச்சவன், அவன் பேசிக்குவான்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

உக்குவளையில் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளாக நிலம் வாங்கி, ஒரே வங்கியில் வீட்டுக் கடன் எடுத்து, ஒரே மாதத்தில் அத்திவாரம் போட்டவர்கள் நாங்களும் மச்சானும். எங்கள் பங்குக்கு, அம்மா வேலையை விட்டபோது கிடைத்த சேமலாப நிதிப் பணம் முழுதும் போனது. பிறகு வட்டி ஏறியது. பதினெட்டாயிரமாக இருந்த என் தவணை முப்பத்தோராயிரமானது. அதே நேரம் நான் கணக்கெழுதும் மாத்தளை வாசனைத் திரவியக் கொம்பனியில் ஓவர்டைமை நிறுத்தினார்கள்.

மச்சான் நான்கு மாதம் கட்டவேயில்லை. அதைப் பற்றி ஊரெல்லாம் சிரித்துக்கொண்டே பேசினார். நான் ஒரு மாதமும் தவறவில்லை. எப்படிக் கட்டினேன் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். அக்காவின் கல்யாணத்துக்கு வளையல் செய்தபோது, எனக்கு வரப்போகிறவளுக்கென்று அதே அச்சில் அம்மா இன்னொரு ஜோடியும் செய்து வைத்திருந்தார். இரண்டு பவுன். அது அடகுக் கடையில் இருந்தது. மாத முடிவுக்குள் வட்டி கட்டிப் புதுப்பிக்காவிட்டால் ஏலம். வங்கி தவணையைக் குறைத்தால்தான் அந்த வட்டிக்குக் காசு மிஞ்சும். அதைக் கேட்கத்தான் போனோம்.

சிங்களத்தில் நானே எழுதிய கடிதம் என் கையில் இருந்தது. மூன்று முறை திருத்தி எழுதியது. மச்சானிடம் ஒரு சொப்பிங் பை, அதற்குள் கசங்கிய கராஜ் பில்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர். அவரை முதலில் கூப்பிட்டார்கள்.

"மிஸ், என்னோட ஆட்டோ பெட்ரோல் குடிக்குது, நான் பாலில்லாத பிளேன்டி குடிக்கிறேன். ரெண்டு பேர்ல யாருக்காவது ஒரு வழி சொல்லுங்க" என்றார், இலக்கணமே இல்லாத சிங்களத்தில்.

அந்தப் பெண் அதிகாரி சிரித்துவிட்டார். என் அம்மாவும் சிரித்தார். நான் சொன்ன எதற்கும் அம்மா அப்படிச் சிரித்து எனக்கு நினைவில்லை. பில்களைப் புரட்டிப் பார்த்து, ஒரு வருடத்துக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். கட்டாதவருக்குச் சலுகை, சிரிப்பு, தோளில் அம்மாவின் தட்டல்.

என் முறை வந்தது. மச்சான் எழுந்து போகவில்லை. துணைக்கு இருக்கிறாராம்.

அதிகாரி கடிதத்தை வாசித்தார். தம்பி என்பதற்குச் சிங்களத்தில் சொல்வதுபோல் என்னை மல்லி என்றார். "நல்லா எழுதியிருக்கீங்க மல்லி. ஆனா ஒரு தவணையும் தவறலையே. சம்பளமும் குறைஞ்சிருக்கு. எப்படிக் கட்டினீங்க?"

அம்மாவுக்குச் சிங்களம் காதில் ஏறும், நாக்கில் வராது. அவர் கை பைக்குள் போவதைப் பார்த்தேன். அடகுச் சீட்டு அங்கேதான் இருந்தது. அதை வெளியே எடுத்தால் மச்சான் பார்ப்பார். அக்கா கையில் வளையல் இருக்கிறது, என் பங்கு கடையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். இன்று மாலையே கேலியாகிவிடும்.

"சேமிப்புல இருந்து, மிஸ்" என்றேன்.

அம்மாவின் கை பைக்குள்ளேயே நின்றது.

"சேமிப்பு இருக்கிறவங்களுக்கு இது கிடைக்காது மல்லி. உண்மையிலேயே கஷ்டம்னா அதுக்கு ஒரு தாள் கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் மச்சான் சொன்னார், "பாத்தியா மாப்ள, சேமிச்சு வச்சிருக்கிறவன்லாம் எங்க கியூவுல வந்து நிக்கலாமா?" விளையாட்டாகத்தான் சொன்னார். திரும்பி வரும் வழியில் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார், ஆட்டோச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி: "அந்தச் சீட்டுல என்னய்யா வெக்கம்?"

அந்த மாதச் சம்பளத்தில் தவணையைக் கட்டினேன். அடகு வட்டிக்கு மிஞ்சவில்லை. கொம்பனியில் முன்பணம் கேட்டேன், தரவில்லை. மச்சானிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வளையல் ஏலத்தில் போய்விட்டது என்று கடிதம் வந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தனியாக வங்கிக்குப் போனேன். அதே பெண், அதே மேசை. ஐந்து நிமிடத்தில் எனக்கும் ஒரு வருடம் எழுதிக் கொடுத்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா துணி துவைக்கும்போது வளையல் சத்தம் கேட்கிறது. இப்போதும் எனக்கு அது பிடிப்பதில்லை. போன வாரம் மாத்தளையில் ஒரு நகைக் கடைக்குள் போய், அதே அச்சில் ஒரு ஜோடி செய்ய எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன். கடைக்காரர் கணக்குப் போட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினார். செய்கூலியோடு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.