காலளவு மெழுகுதிரி

ஐயா, அம்மா, வணக்கம். இதனை வாசிக்கும் தாங்கள் யாராயினும், ஒரு முதியவன் தன் தவற்றைச் சொல்லும்போது பொறுமையுடன் கேட்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

இது நடந்தது 1994ஆம் ஆண்டு மே மாதம், பெங்களூர் விவேக் நகரில். அப்போது நான் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். குடும்பத்துடன் எங்கேனும் பயணம் சென்று வருவதற்கென்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பும் பயணப்படியும் தருவார்கள். அதுவரை நான் அதை உபயோகித்ததே இல்லை. பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின், என் மனைவி முதன்முறையாக ஒன்று கேட்டார். மலை ரயிலில் ஏறி ஊட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். நான் சம்மதித்தேன்.

சம்மதித்த நாள் முதல் என் மனம் உறுத்தத் தொடங்கியது. எங்கள் தெருவில் அவ்வாண்டு பலருக்கு வேலை இல்லை. எதிர்வீட்டுக்காரர் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து ஐந்து மாதங்களாகக் கட்டிலில் கிடந்தார். அவருடைய மனைவி தையல் தைத்துக் குடும்பத்தை நடத்தி வந்தார். இவர்கள் கண்முன்னே உல்லாசத்திற்காகப் பணத்தைச் செலவழிக்கிறோமே என்னும் குற்ற உணர்வு என்னை அரித்தது. ஆகவே ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் விசாரித்தபோது, “வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்த்திக்கடன்” என்று சொல்லிவிட்டேன். மாதா கோயிலுக்குச் செய்யும் செலவை எங்கள் மக்கள் யாரும் செலவாகக் கருதுவதில்லை. என் மனைவி என்னை ஒருமுறை பார்த்தார்.

புறப்படுவதற்கு முந்தைய நாள், எதிர்வீட்டு அம்மையார் பெட்டி அடுக்க உதவுவதற்காக வந்தார். எங்கள் இரண்டு ஸ்வெட்டர்களைக் கண்டதும் சிரித்தார்.

“என்ன அண்ணி, வேளாங்கண்ணி வெயிலுக்கு ஸ்வெட்டரா? வெந்துடுவீங்க.”

தம் கையாலேயே அவற்றை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தார். அவர் போனபின் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட நாங்கள், புறப்படும் அவசரத்தில் மறந்துபோனோம். சென்றவர் மாலையில் மறுபடி வந்தார். கையில், செய்தித்தாள் சுற்றிய நீண்ட மெழுகுதிரி ஒன்று. கால் குணமாக வேண்டி, கணவரின் காலை இடுப்பிலிருந்து குதிகால் வரை நூலால் அளந்து, அந்த அளவுக்கே வார்த்து வாங்கியிருந்தார்.

“மாதா காலடியில ஏத்திடுங்க அண்ணா. எங்களால இப்போ போக முடியாது. நீங்க போறது நாங்க போன மாதிரி.”

அந்தக் கணத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

அது எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. கோயம்புத்தூர்ப் பேருந்தில் அதை மேல் பலகையில் வைத்தேன். சேலம் கடந்து உச்சி வெயில். மேட்டுப்பாளையத்தில் அறை எடுத்துத் தாளைப் பிரித்தபோது, மெழுகுதிரி நடுவில் மடங்கியிருந்தது. சரியாக முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில். நிமிர்த்த முயன்றேன், விரிசல் விட்டது. என் மனைவி அதை என்னிடமிருந்து வாங்கித் தம் சேலையில் சுற்றினார்.

மறுநாள் மலை ரயிலில், எத்தனையோ ஆண்டு அவர் ஆசைப்பட்ட அதே ரயிலில், ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவர் வெளியே பார்க்கவில்லை. கைக்குழந்தையைப் போல அதை மடியில் வைத்திருந்தார். ஊட்டியில் மழையும் குளிருமாக இருந்தது. இருந்த ஒரே சால்வையை மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டோம். படகுக்கு அழைத்தேன், வரவில்லை. இங்கேயே ஒரு கோயிலில் ஏற்றிவிடலாம் என்றேன்.

“அவ குடுத்தது வேளாங்கண்ணிக்கு. நம்ம பொய்யை மறைக்கிறதுக்கு இல்லீங்க” என்றார்.

ஐந்து நாட்களுக்கென்று சென்றவர்கள் மூன்றாம் நாளே திரும்பினோம்.

வீட்டைத் திறக்குமுன்பே என் மனைவி எதிர்வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் சென்றேன். சேலையைப் பிரித்துக் கட்டிலருகில் வைத்து, எல்லாவற்றையும் அவரே சொன்னார். நான் தலைகுனிந்து நின்றேன். பெயிண்டர் அந்த மெழுகுதிரியை எடுத்துத் தம் காலோடு வைத்துப் பார்த்தார்.

“டாக்டர் கூட இவ்ளோ கரெக்டா மடக்க மாட்டாரு அண்ணா. எனக்கு மடங்காத காலு இதுக்கு மடங்கிடுச்சு பாருங்க” என்று சிரித்தார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. என்னிடம் அல்லாமல் என் மனைவியிடம் சொன்னார்:

“ஊட்டின்னு சொல்லியிருந்தா ஸ்வெட்டரை எடுத்து வெளிய வெச்சிருக்க மாட்டேனே அண்ணி. குளிர்ல என்ன பாடு பட்டீங்களோ.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் அதைத் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே நான் அவர்களிடமிருந்து அந்தப் பழைய நூலை வாங்கி, அதே அளவில் புதிய மெழுகுதிரி வார்த்து, தனியே வேளாங்கண்ணி சென்று ஏற்றிவிட்டு வந்தேன். பெயிண்டர் மறு ஆண்டு ஒரு தடியின் துணையுடன் நடந்தார். சாரம் ஏறுவதற்கு அந்தக் கால் உதவவில்லை.

பிற்காலத்தில் நான் என் மனைவியைப் பலமுறை ஊட்டிக்கு அழைத்தேன். “இந்தத் தடவ எங்க போறோம்னு சொல்லிட்டுப் போறதா உத்தேசம்?” என்று கேட்பார். கோபமில்லாமல்தான் கேட்பார். இப்போது அவருக்கு மூச்சிரைப்பு. மலைக்கு அழைத்துச் செல்லக் கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார்.

அன்று செலவழித்த பணத்திற்காக இன்று நான் வருந்தவில்லை. எங்கள் மகிழ்ச்சியைக் கண்டு மகிழ்ந்திருக்கக்கூடிய ஒருவர் மனம் நோவார் என்று நானே தீர்மானித்து, அவருடைய வேண்டுதலையும் என் மனைவியின் ஒரே ஆசையையும் ஒன்றாகச் சேர்த்து மடக்கிவிட்டேன் என்பதற்காகவே வருந்துகிறேன். ஐயா, அம்மா, வாசித்து முடித்தபின் இந்தத் தாளை எறிந்துவிடாமல், அண்டை வீட்டாரிடம் எதையேனும் மறைக்கத் தோன்றும் நாளில் எடுத்துப் பார்க்கும்படி, தங்கள் வீட்டில் ஓர் இடத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன்.