சிவப்புத் துணி தைத்த கயிறு

முந்தின நாளே அலசி நிழலில் காயப்போட்ட கயிற்றை அன்புக்கரசி விரல்களுக்கிடையே முழம் முழமாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொள்வாள். கயிற்றின் குறையைக் கண்ணைவிட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும் என்பது அவள் கணக்கு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் தங்கராசு, வெட்டப்போன பட்ட மரத்திலேயே கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறினான். கொம்போடு கயிறு வந்தது, கயிற்றோடு அவனும் கீழே விழுந்தான். மூன்று மாதம் படுக்கை. அவன் எழுந்து நடந்த அன்றே அவள் சட்டம் போட்டாள். கயிற்றை, பக்கத்தில் நிற்கும் பச்சை மரத்தில்தான் கட்ட வேண்டும். அடிமரத்தைக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்து, பொக்கென்று கேட்டால் ஏறக் கூடாது. பெல்ட், ஹெல்மெட் இல்லாமல் தரையைவிட்டுக் கால் எழும்பக் கூடாது. கீழே விசிலோடு அவளே நிற்பாள். ஊதினால் ரம்பம் நிற்க வேண்டும்.

செஞ்சிக் கடைத்தெருவில் கேலி பேசினார்கள். "இன்னாபா, பொண்டாட்டி விசிலடிச்சாதான் எறங்குவியாமே?"

"ஆமா. நடந்துதான வூட்டுக்குப் போறேன்," என்பான் தங்கராசு.

ஆளைத் தாங்கும் கயிற்றின் இரண்டு முனையிலும் அவள் தன் பழைய புடவையின் சிவப்புக் கரையைத் தைத்திருந்தாள். அந்தக் கயிறு ஆளைத் தவிர வேறு எதையும் தூக்கக் கூடாது.

விரல் நின்றது. ஒரு சாண் நீளத்துக்குக் கயிறு தட்டையாக, மெத்தென்று இருந்தது. முகர்ந்து பார்த்தாள். அலசியும் ஆயில் வாடை போகவில்லை.

"இன்னாயா இது?"

பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த தங்கராசு திரும்பவில்லை. "உன் தம்பி கெணத்து மோட்டார் தூக்கணும்னு கேட்டான். நெடுமாறனுக்கு இல்லேன்னு சொன்னா நீ மூஞ்சத் தூக்கிக்குவ."

"செவப்பு தெச்சிருக்குதுன்னு தெரியும்ல?"

"ஒரு எடந்தான அரசி. திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குறாங்க. அந்தப் புளியமரம் ஓட்டுமேலயே சாஞ்சிக்கினு நிக்குது. இன்னிக்கு ஒருநாள் ஏறிடுறேன்."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு முனையின் தையலைப் பிரித்தாள். பிறகு மறு முனை. சிவப்புத் துணி இரண்டும் மடியில் விழுந்தன. இனி அது வெட்டிய கட்டைகளை இறக்க மட்டுமே ஆகும் கயிறு.

தங்கராசு பெல்ட்டைக் கழற்றி, ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினான். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குப் போன் போட்டான். "சார், புதுக் கயிறு வாங்கிக்கினு நாளைக்கு வரேன். ஞாயித்துக்கெழமதான், முடிச்சிடலாம். அதுவரைக்கும் அந்தப் பக்கம் யாரையும் வுடாதீங்க."

போனைக் கட்டில்மேல் வைத்தான். அவள் துணித்துண்டுகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். கயிற்றைத் தோளில் போட்டாள். போனையும் எடுத்துக்கொண்டாள்.

"அரசி, உன் தம்பிய ஒண்ணும் கேட்டுடாத, இன்னா?"

அவள் நெடுமாறனின் நம்பரைத் தேடிக்கொண்டே அறையைவிட்டு வெளியே போனாள்.